காற்றை வானிலிருந்து அளக்கும் புதிய கண்கள்: தரை நிலையங்கள் இனி தேவையில்லையா?

கேள்வி இதுதான்: "வட சென்னையில், எண்ணூர் பக்கம் வசிக்கிறேன். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா எல்லாம் காற்றில் கலந்திருக்கும் வாயுக்களை அளக்க அடுத்தடுத்து செயற்கைக்கோள் அனுப்புகின்றன. ஏற்கனவே மேலே இருப்பவை போதாதா? புதியவை எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால், எங்கள் பகுதியில் இருக்கும் காற்றுத் தர நிலையங்களுக்கு வேலை இருக்காதா?"

இரண்டுக்கும் பதில் 'இல்லை' பக்கம்தான். மேலே இருப்பவை போதாது. தரை நிலையங்களுக்கு வேலை இருக்கும், இப்போதைவிட அதிகமாகவே இருக்கும். ஏன் என்று சொல்ல கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில், செயற்கைக்கோள் எதை அளக்கிறது? சூரிய ஒளி காற்றுமண்டலத்தின் வழியே இறங்கி, தரையில் பட்டு, திரும்ப மேலே போகிறது. போகிற வழியில் ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய நிறங்களில் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுகிறது. எரிபொருளை எரிக்கும்போது வெளிவரும் நைட்ரஜன் டை ஆக்சைடு நீல நிறத்தில், சுமார் 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான பகுதியில், ரம்பப் பல் மாதிரி வெட்டு வெட்டாக விழுங்கும். மேலே உள்ள நிறமாலைமானி (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி) அந்த வெட்டுகளின் ஆழத்தைப் பார்த்து, ஒளி வந்த பாதையில் எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்று கணக்கிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடைக்கும் எண், தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை நிற்கும் ஒரு காற்றுத் தூண் முழுவதற்குமான கணக்கு. உங்கள் மூக்குக்கு எதிரே உள்ள காற்றின் கணக்கு அதில் தனியாக இல்லை. தூணிலிருந்து மூக்குக்கு வர மூன்று விஷயங்களை ஊகிக்க வேண்டும்: ஒளி எவ்வளவு தூரம் சாய்வாக வந்தது, தூணில் எவ்வளவு பங்கு மேலே அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது, மீதி எந்த உயரத்தில் எப்படிப் பரவியிருக்கிறது. மூன்றாவதைக் கணினி மாதிரியிடம்தான் கேட்க வேண்டும். மாதிரி தவறினால் எண்ணும் தவறும். நடுவில் மேகம் வந்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளது தெரியவே தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு மேல் உருப்படியான அளவீடு கிடைக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இத்தனை குறை இருந்தும் இது ஏன் வேண்டும் என்பதற்குப் பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1995-ல் ஐரோப்பாவின் இஆர்எஸ்-2 செயற்கைக்கோளில் 'கோம்' என்ற கருவி போனது. அதன் ஒரு புள்ளி, கிழக்கு மேற்காக 320 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 40 கிலோமீட்டர். சென்னையையும் பெங்களூருவையும் சேர்த்து ஒரே புள்ளிக்குள் போட்டுவிடலாம். அவ்வளவு முரட்டுக் கண்ணாக இருந்தும், அதன் தரவிலிருந்து ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் ஊர்களின் வார விடுமுறையைப் பிடித்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஞாயிற்றுக்கிழமை நைட்ரஜன் டை ஆக்சைடு இறங்குகிறது, இஸ்ரேலில் சனிக்கிழமை இறங்குகிறது, சீனாவில் எந்த நாளும் இறங்கவில்லை. அடுத்து, பல வருடத் தரவைச் சராசரி எடுத்தபோது இலங்கையின் தெற்குக் கரையிலிருந்து சுமத்ரா நோக்கிக் கடலின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. தேவேந்திரமுனைக்குத் தெற்கே வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்களின் புகை அது. நடுக்கடலில் யார் போய் அளவீட்டு நிலையம் வைப்பார்கள்? எனக்கு இந்தத் துறையில் ஈடுபாடு வந்ததற்கு அந்தக் கோடும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு புள்ளி சிறுத்துக்கொண்டே வந்தது. 2004-ல் அமெரிக்காவின் ஆரா செயற்கைக்கோளில் போன 'ஓமி'க்கு 13க்கு 24 கிலோமீட்டர். 2017 அக்டோபரில் போன சென்டினல்-5பி-யில் உள்ள 'ட்ரோபோமி'க்கு முதலில் 7க்கு 3.5, 2019 ஆகஸ்ட் முதல் 5.5க்கு 3.5. அந்த நீளம் மயிலாப்பூரிலிருந்து கிண்டி வரையிலான தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. 2,600 கிலோமீட்டர் அகலப் பட்டையைப் பார்த்தபடி சுற்றுவதால் உலகம் முழுவதையும் தினம் ஒருமுறை முடித்துவிடுகிறது.

சரி, இவ்வளவு நுணுக்கம் வந்த பிறகும் என்ன குறை? நேரம்தான் குறை.

ட்ரோபோமி எந்த ஊரையும் அந்த ஊர் நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில்தான் கடக்கும். காலை எட்டு மணிக்குக் காற்றின் கலப்பு அடுக்கு (தரையை ஒட்டிய காற்று மேலும் கீழும் கலக்கும் பகுதி) தாழ்வாக இருக்கும், சாலையில் வண்டிகள் நிறைந்திருக்கும், புகை தரையை ஒட்டியே தேங்கும். ஒன்றரை மணிக்குள் வெயில் ஏறி, காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து, நைட்ரஜன் டை ஆக்சைடைச் சூரிய ஒளி பெருமளவு உடைத்திருக்கும். ஆக, தரையில் அந்த வாயு பொதுவாக மிகக் குறைவாக இருக்கும் வேளையைத்தான் தினமும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காய்ச்சல்காரரை தினமும் மாத்திரை போட்ட பிறகே சோதித்துப் பார்ப்பது போல.

இதற்கான விடை புவிநிலை சுற்றுப்பாதை. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓரிடத்தில் நின்றபடி பகல் முழுவதும் மணிக்கொருமுறை பார்ப்பது. அவ்வளவு தூரத்திலிருந்து பலவீனமான ஒளியை வைத்து 7, 8 கிலோமீட்டர் புள்ளி எடுப்பது சின்ன வேலை இல்லை. முதலில் செய்தது கொரியா: 2020 பிப்ரவரியில் போன 'ஜெம்ஸ்'. அப்புறம் அமெரிக்காவின் 'டெம்போ', 2023 ஏப்ரலில் ஒரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளில் இடம் பிடித்துப் போனது. ஐரோப்பாவின் சென்டினல்-4, 2025 ஜூலை 1 அன்று எம்டிஜி-எஸ்1 என்ற வானிலைச் செயற்கைக்கோளில் ஏறிப் போனது. இந்த மூன்றும் சேர்ந்து வட துருவப் பக்கமிருந்து பார்த்தால் பூமிக்கு ஒரு மாலை போட்டது போல இருக்கும்.

ஆனால் அந்த மாலையில் நாம் இருக்கும் இடத்தில் பூ கொஞ்சம் சிதைந்திருக்கிறது. ஜெம்ஸ் கிழக்கு 128 பாகைக்கு மேலே நிற்கிறது. அதன் பார்வை எல்லை கிழக்கு 75 பாகையில் ஆரம்பிக்கிறது. சென்னையும் இலங்கையும் உள்ளே வருகின்றன, ஆனால் ஓரத்தில், சாய்ந்த கோணத்தில். புள்ளி நீண்டுவிடும், பிழையும் கூடும். சியோலுக்குக் கிடைக்கும் அத்தனை மணி நேரங்கள் நமக்குக் கிடைப்பதும் இல்லை. இந்தியாவின் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களில் அகச்சிவப்புக் கதிர்களை வைத்துக் காற்றை அடுக்கடுக்காக ஆராயும் ஒரு கருவி உண்டு. வெப்பம், ஈரம், மொத்த ஓசோன் கணிக்க உதவும். நைட்ரஜன் டை ஆக்சைடை மணிக்கொருமுறை பார்க்க அது உதவாது. கங்கைச் சமவெளி, சிங்ரௌலி, நெய்வேலி, எண்ணூர் எல்லாவற்றையும் நேர் மேலிருந்து பார்க்கும் புறஊதா, நீல ஒளிக்கான ஒரு நிறமாலைமானி இந்தியத் தீர்க்கரேகையில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளின் மூலையில் இடம் கொடுத்தாலே போதும் என்பதை டெம்போ காட்டிவிட்டது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: கார்பன் டை ஆக்சைடு.

இந்த வாயுவை அளப்பது ஏன் கஷ்டம்? காற்றில் அது ஏற்கனவே பத்து லட்சத்துக்கு 420 பங்குக்கு மேல் எங்கும் நிறைந்திருக்கிறது. பெரிய நகரமோ அனல்மின் நிலையமோ புகைவிடும்போது, மேலே நிற்கும் காற்றுத் தூணில் கூடுவது பெரும்பாலும் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். நிரம்பிய ஏரியில் குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மட்டம் ஏறியதா என்று பார்ப்பது போல. தூசியும் மெல்லிய மேகமும் ஒளியின் பாதையைக் கொஞ்சம் நீட்டினாலோ குறுக்கினாலோ அந்த ஒரு பங்கு மறைந்துபோகும்.

அமெரிக்காவின் ஓசிஓ-2, 2014 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது (முதல் ஓசிஓ 2009-ல் ஏவிய அன்றே கடலில் விழுந்துவிட்டது). துல்லியம் அருமை. ஆனால் பார்க்கும் பட்டை சுமார் 10 கிலோமீட்டர் அகலம்தான். உலகத்தை ஊசித் துவாரம் வழியே பார்ப்பது மாதிரி. ஏதாவது மின்நிலையத்தின் புகை மேல் அது போய்விட்டால் அதிர்ஷ்டம்.

ஐரோப்பா 2027-ல் ஏவத் திட்டமிட்டிருக்கும் சிஓ2எம் செயற்கைக்கோள்கள் இதைத்தான் மாற்றப் பார்க்கின்றன. பட்டை 250 கிலோமீட்டர் அகலம், புள்ளி 2க்கு 2 கிலோமீட்டர், துல்லியம் பத்து லட்சத்துக்கு 0.7 பங்கு என்பது இலக்கு. முதலில் இரண்டு, பிறகு மூன்றாவது. ஆனால் இந்த எண்களைவிட எனக்குப் பிடித்தது அதன் உள்ளே இருக்கும் யோசனை. அதே செயற்கைக்கோளில் நைட்ரஜன் டை ஆக்சைடையும் சேர்த்து அளக்கப்போகிறார்கள்.

எதற்கு? எரிப்பதிலிருந்து இரண்டும் ஒன்றாகத்தான் வெளியே வருகின்றன. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக்கணக்கில் தங்கும், அதனால் புதியதும் பழையதும் கலந்துவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்குப் பகலில் சில மணி நேரம்தான் ஆயுள். எனவே அது எங்கே தெரிகிறதோ அங்கே இப்போதுதான் எதையோ எரித்திருக்கிறார்கள் என்று பொருள். பின்னணியிலிருந்து பளிச்சென்று தனியாகத் தெரியும். அது காட்டும் புகையின் வடிவத்தை அப்படியே எடுத்து, அந்த எல்லைக்குள் மட்டும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்கலாம். வயலில் கலந்து நிற்கும் மாடுகளில் எது யாருடையது என்று மணியோசையை வைத்துப் பிரிப்பது போல, சாதுவான வாயுவை அதன் சத்தமான துணையை வைத்து அடையாளம் காணும் வழி. ஜப்பானும் இதே எண்ணத்தோடுதான் 2025 ஜூன் 29 அன்று கோசாட்-ஜிடபிள்யூவை அனுப்பியது. 2009-ல் போன முதல் கோசாட்டில் இல்லாத நைட்ரஜன் டை ஆக்சைடு அளவீடு இதில் இருக்கிறது.

தூசியின் தொல்லைக்கு சிஓ2எம்-மில் தனியாக ஒரு கருவி உண்டு. ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்து, ஒளியின் முனைவாக்கத்தை (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) அளந்து, தூசி எவ்வளவு, எந்த உயரத்தில் என்று கணித்துத் தரும். ஒளி வந்த பாதையின் நீளத்தைக் கண்டுபிடிக்க ஆக்சிஜன் கைகொடுக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறாது என்பதால், 760 நானோமீட்டர் அருகே அது எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று பார்த்தால் பாதை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்த அளவீடு எங்கே பயன்படும்? காலநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தப்படி, நாடுகள் சேர்ந்து எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உலகக் கணக்கெடுப்பு. முதலாவது 2023-ல் முடிந்தது, அடுத்தது 2028-ல். இப்போது நாடுகள் தங்கள் நிலக்கரி, பெட்ரோல் விற்பனையைக் கூட்டிப் பெருக்கித் தாங்களே கணக்குக் கொடுக்கின்றன. அதை மேலிருந்து சரிபார்க்கும் வழி இதுவரை இருந்ததில்லை. எல்லா நாட்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கும், தரவு இலவசமாகக் கிடைக்கும் என்பதால், நம்மைப் போன்ற நாடுகளுக்கும் இது நல்லதுதான். யாருடைய கணக்கு சரி என்று பேசும்போது நம் கையிலும் அதே எண் இருக்கும்.

மீத்தேனைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே கதை வேகமாக நகர்ந்துவிட்டது. ட்ரோபோமி பெரிய கசிவைக் காட்டும். ஜிஹெச்ஜிசாட் போன்ற சிறு செயற்கைக்கோள்கள் 25 மீட்டர் நுணுக்கத்தில் போய் எந்தக் குழாய், எந்தக் குப்பைமேடு என்று சொல்லும். டெல்லி, மும்பை, லாகூர், புவனோஸ் ஐரிஸ் குப்பைமேடுகளை இப்படித்தான் 2022-ல் வெளியான ஓர் ஆய்வு அடையாளம் காட்டியது. நடுவில் இழப்பும் உண்டு: 2024 மார்ச்சில் போன மீத்தேன்சாட்டுடன் 2025 ஜூனில் தொடர்பு அறுந்துவிட்டது. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்யும் மெர்லின், சொந்தமாக லேசர் ஒளியை அனுப்பி அளக்கும். சூரியனை நம்ப வேண்டியதில்லை என்பதால் இரவிலும் துருவக் குளிர்காலத்திலும் பார்க்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தரை நிலையங்கள்.

ஓசோன் ஓட்டையைக் கண்டுபிடித்தது செயற்கைக்கோள் என்று பலர் நினைக்கிறார்கள். அண்டார்டிகாவில் ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து ஓசோனை அளந்துவந்த டாப்சன் நிறமாலைமானிதான் முதலில் காட்டியது. அந்தத் தரவை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-ல் வெளியிட்டார்கள். நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதலே மேலே இருந்தது. நம்ப முடியாத அளவு தாழ்ந்த அந்த எண்கள் அதிலும் பதிவாகித்தான் இருந்தன, ஆனால் சந்தேகத்துக்குரியவை என்ற குறியோடு. தரையிலிருந்து சேதி வந்த பிறகு, ஓட்டை ஒரு கண்டம் அளவுக்கு விரிந்திருப்பதை அதே செயற்கைக்கோள் படமாகக் காட்டியது. ஒன்று சொன்னதை மற்றது உறுதிசெய்தது. அதே டாப்சன் கருவி ஒன்று நம் கொடைக்கானலிலும் பல பத்தாண்டுகள் ஓசோனை அளந்திருக்கிறது. வெப்பமண்டலத்தில் இப்படி நீண்ட பதிவு உள்ள இடங்கள் குறைவு என்பதால், செயற்கைக்கோள்களைச் சரிபார்க்க அது விலைமதிப்பில்லாதது.

இன்னொன்று சமீபத்தில் நடந்தது. ஓசோனைக் காப்பதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை தடைசெய்த, ஓசோனை அழிக்கும் சிஎஃப்சி-11 வாயு எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018-ல் தெரியவந்தது. யாரோ எங்கேயோ திருட்டுத்தனமாக வெளியிடுகிறார்கள். கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா நிலையங்களில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தபோது எண் ஏறியது என்று பார்த்து, பெரும் பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வந்தது என்று 2019-ல் சொன்னார்கள். எந்தச் செயற்கைக்கோளாலும் முடியாத வேலை அது. அங்கே இரண்டு நிலையங்கள் இருந்ததால் கண்டுபிடித்தார்கள்.

புதிய கருவிகள் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுக்கு அவற்றைச் சரிபார்க்கும் தரைக் கருவிகளும் நுணுக்கமாக வேண்டும். அதற்காகத்தான் சூரியனை நேராகப் பார்த்து அளக்கும் பண்டோரா போன்ற சிறு கருவிகளை உலகெங்கும் வைக்கிறார்கள். எல்லாத் தரவையும் ஒன்றாகக் கோக்கும் இடம், ஐரோப்பிய வானிலை மையம் நடத்தும் கோபர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை போன்றவை. அங்கே கணினி மாதிரியும் அளவீடும் கலந்துதான் நாளைய காற்றின் முன்னறிவிப்பு வருகிறது. ஒரு கருவியைக் கட்டும் முன்பே அதன் பயனைச் சோதிக்கும் வழியும் உண்டு: கணினிக்குள் ஒரு கற்பனை வளிமண்டலத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு, வரப்போகும் கருவி அதை எப்படிப் பார்க்கும் என்று போலித் தரவு தயாரித்து, அதை வைத்து உண்மையை மீட்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் கற்பனை வளிமண்டலமும் மீட்கும் மாதிரியும் ஒரே குடும்பமாக இருந்தால் விடை தேவைக்கு அதிகமாக நம்பிக்கை ஊட்டும். அந்த முடிவுகளைப் படிக்கும்போது முதலில் அதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. இதுவரை சொன்ன புதிய செயற்கைக்கோள்கள் எல்லாமே கீழ்நோக்கிப் பார்ப்பவை. பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து, மேல் வளிமண்டலத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்து அளக்கும் கருவிகள் வேறு வகை. ஆராவில் உள்ள எம்எல்எஸ் 2004 முதல் இதைச் செய்கிறது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்தபோது அடுக்கு மண்டலத்துக்குள் சுமார் 14.6 கோடி டன் நீராவி ஏறியது, அங்கே இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, என்று கணக்கிட்டது அதன் தரவை வைத்துத்தான். அந்தச் செயற்கைக்கோள் முதுமையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. 2003-ல் போன கனடாவின் சைசாட்டும் அப்படியே. இடத்தை நிரப்பியிருக்கக்கூடிய ஐரோப்பாவின் 'கைர்ட்' திட்டம் 2025-ல் தேர்வாகவில்லை. காற்றையும் மேகத்தையும் அளக்கும் விவெர்ன் தேர்வானது. ஓசோனுக்காக ஆல்டியஸ் என்ற சிறிய செயற்கைக்கோள் வரவிருக்கிறது, ஆனால் எம்எல்எஸ் அளந்த அத்தனை வாயுக்களுக்கும் அது ஈடாகாது. அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் 2066 வாக்கில்தான் பழைய நிலைக்குத் திரும்பும் என்று ஐநா மதிப்பீடு சொல்கிறது. நோயாளி தேறிவரும் நேரத்தில் கண்காணிப்பை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக உங்கள் எண்ணூர். புதியவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், இப்போதே செய்யக்கூடியது நிறைய உண்டு. ட்ரோபோமியின் 2018-க்குப் பிறகான தரவு முழுவதும் இலவசம். தனி நாள் படத்தை நம்பாதீர்கள். ஜனவரி முதல் மே வரை, மேகம் குறைந்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகப் பிரியுங்கள்: அனல்மின் நிலையம் ஞாயிறும் எரியும், சாலை வாகனம் குறையும், எனவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எது எவ்வளவு என்று கோடி காட்டும். காற்றுத் திசையையும் பிரிக்க வேண்டும். ட்ரோபோமி வரும் ஒன்றரை மணிக்குள் பெரும்பாலான கோடை நாட்களில் கடற்காற்று உள்ளே வந்திருக்கும், புகை மேற்கே சாய்ந்திருக்கும்; உங்கள் வீட்டுக்கு நேர் மேலே சுத்தமாகத் தெரிந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பிறகு மணலி நிலையத்தின் மணிவாரித் தரவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து எடுத்து, அதே நாட்களின் ஒன்றரை மணி அளவையும் காலை எட்டு மணி அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மேலிருந்து தினமும் பார்க்காமல் விடப்படுவது.